சிக்கு

ஜூலை 5, சனி

பூனை வந்துவிட்டது. கூடவே இந்த நோட்டும்.

நோட்டு ஷெரின் தந்தது. தொண்டாமுத்தூர் போகும் வழியில், ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால், கைவிடப்பட்ட பூனைகளுக்கும் நாய்களுக்கும் காப்பகம் நடத்துகிறவள். அவளிடம் பூனை எடுப்பவர்கள் முதல் ஒரு மாதம் குறிப்பு எழுத வேண்டும். என்ன சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, எங்கே ஒளிந்தது, மணல் தட்டில் போனதா. போனில் கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவிடுகிறார்களாம். எழுதச் சொன்னால் நாலாம் நாள் உண்மை வந்துவிடுகிறதாம்.

சரி, தமயந்தியாகிய நான் எழுதுகிறேன். பெயர் பஞ்சு, காப்பகத்தில் வைத்தது. பெர்ஷியன் பூனை, பெண், வெள்ளை, வயது நான்கு இருக்கலாம். நீளமுடி ஜாதி என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். உடம்பு முழுக்க மழித்திருக்கிறது. முகமும் வால் நுனியும் மட்டும்தான் பழைய அழகு.

ஏன் மழித்தீர்கள் என்று கேட்டேன். ஷெரின் போனில் ஒரு படம் காட்டினாள். மூன்று வாரம் முன்பு பூனை காப்பகத்துக்கு வந்த அன்று எடுத்தது. முதலில் அது பூனை என்றே தெரியவில்லை. வெயிலில் காய்ந்த அழுக்குச் சாக்கு ஒன்றை யாரோ சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. வளர்த்த அம்மா திடீரென்று இறந்துவிட்டார்களாம். பெயர் வசுமதி, கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தம்பி மகன் பூனையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். சாவுக்குப் பிறகு ஒரு வாரம் யாரும் சீவவில்லை, அதனால் சடை பிடித்துவிட்டது என்று சொன்னானாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்படைப்புத் தாளின் நகல், தடுப்பூசி அட்டை, ஒரு பை தீனி, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டேன்.

ஆனால் இங்கே எழுதலாம். இருபத்திரண்டு வருடமாக பார்லர் நடத்துகிறேன். ஒரு வாரத்தில் அப்படி ஆகாது.

ஜூலை 6, ஞாயிறு

சாப்பிட்டது: இரண்டு கைப்பிடி, அவசர அவசரமாக, சுவரைப் பார்த்தபடி. ஒளிந்தது: கட்டிலுக்கு அடியில்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. குளியலறைக்குப் போய், நீர் போகும் துளையின் மேல் குனிந்து தரையில் தேங்கியிருந்ததை நக்குகிறது. மூன்று தடவை தூக்கிக் கிண்ணத்தருகே விட்டேன். மூன்று தடவையும் திரும்பிப் போய்விட்டது.

நாளை முகூர்த்தம். கீழே பார்லரில் மணப்பெண்கள் இருவர். மெஹந்தி, ஃபேஷியல், ஒத்திகைக் கொண்டை. மேலே வீடு, கீழே தொழில் என்பது வசதிதான். பதினெட்டுப் படி, கொஞ்சம் செங்குத்து. அந்தப் படிகளால்தான் அம்மா கடைசிவரை பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டிலேயே இருந்தார். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஜூலை 7, திங்கள்

தாழ்ப்பாள் சத்தத்துக்குப் பயப்படுகிறது. கதவைச் சாத்தினால் பரவாயில்லை. தாழ்ப்பாள் போட்டால், உடனே வந்து கதவின் அடியில் உட்கார்ந்து முன்கால்களால் பிராண்டுகிறது. சத்தம் போடுவதில்லை. பிராண்டல் மட்டும்.

திறந்து வைத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பார்லர் விடுமுறை. ஷெரின் வந்து பஞ்சுவையும் என்னையும் டாக்டர் இளமாறனிடம் அழைத்துப் போனாள். பூனையை மழித்தவர் அவர்தான். எடை கூடியிருக்கிறது என்றார். முன்கால் நகங்களைக் காட்டினார். நான்கு நகம் வேரோடு உடைந்து இப்போதுதான் முளைத்துவருகின்றன. பாதத்தின் தோல் தேய்ந்து புதுத் தோல் மூடியிருக்கிறது.

சடை எப்படி இருந்தது என்று கேட்டேன். மயக்க ஊசி போட்டு மழிக்க ஒன்றரை மணி நேரம் ஆனதாம். கம்பளி போலச் சேர்ந்து ஒரே தகடாக உரிந்து வந்ததாம். அடியில் தோல் புண்ணாகியிருந்தது.

"எத்தன நாள் சீவாம விட்டா இப்படி ஆகுங்க டாக்டர்?"

"குறைஞ்சது ரெண்டரை மாசம். மூணுன்னு சொன்னாலும் ஆச்சரியமில்ல."

ஷெரின் என்னைப் பார்த்தாள். அத்தை செத்த அன்றைக்கு முந்தின நாள்வரைக்கும் பூனைக்குச் சீவிவிட்டார் என்று அந்தத் தம்பி மகன் சொல்லியிருக்கிறான். அதை அவள் நம்பியிருக்கிறாள். நான் பையின் ஜிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ஷெரின் மெதுவாகக் கேட்டாள், பேராசிரியருக்குக் கை முடியாமல் போயிருக்குமோ என்று. இருக்கும் என்றேன். அப்படியானால் வீட்டில் வேறு யாருமே மூன்று மாதம் அந்தப் பூனையைத் தொடவில்லையா என்றாள். 

ஜூலை 9, புதன்

மணல் தட்டில் போனது. கிண்ணத்தில் இன்னும் குடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஷெரின் காப்பகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் பஞ்சுவின் படங்களைப் போட்டிருக்கிறாள். வந்த அன்று எடுத்ததும், இப்போது என் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதும் பக்கத்துப் பக்கத்தில். ஜன்னலுக்குக் கீழே பார்லரின் பெயர்ப்பலகை தெரிகிறது. பரவாயில்லை, விளம்பரம்தான் என்று சிரித்தாள். ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள்.

அதில் ஒருத்தி எழுதியிருந்தாள். இது எங்கள் வசுமதி மேடத்தின் பூனை மாதிரி இருக்கிறதே, மேடம் இதைத் தினமும் மடியில் போட்டுச் சீவுவாரே, இப்படி விட்டிருக்க மாட்டாரே என்று. பழைய மாணவி போலிருக்கிறது. மார்ச்சிலிருந்து மேடம் போனை எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

பஞ்சு இன்று என் காலருகே வந்து படுத்தது. முடி கால் அங்குலம் வளர்ந்திருக்கிறது. மென்மையான சீப்பால் இரண்டு இழுப்பு இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டது.

ஜூலை 14, திங்கள்

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒருவன் பார்லர் கதவைத் தட்டினான். பெண்கள் மட்டும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, வெளியே நின்றபடியே கும்பிட்டான். நாற்பதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஆப்பிள் பை. பெயர் ரகுநந்தன். வசுமதி அம்மாவின் தம்பி மகன்.

வாடிக்கையாளர் யாரும் இல்லை. உள்ளே உட்காரச் சொன்னேன். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனைப் பார்த்து நாளாயிற்று. அத்தையின் பூனை நல்ல இடத்துக்கு வந்ததில் மகிழ்ச்சி என்றான். அந்தப் படங்களை எடுத்துவிடச் சொல்லி ஷெரினிடம் பேசியிருக்கிறான். என்னையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுக் கண்டபடி கேட்கிறார்களாம்.

"அத்தைக்கு அந்தப் பூனைன்னா உசுருங்க. கடைசி நாள் வரைக்கும் சீவி விட்டாங்க. அவங்க போனப்புறம் எங்களுக்கு அதப் பாக்க முடியல. அவ்வளவுதானுங்க விஷயம்."

நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்க வேண்டியதில்லை.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பெரியத்தை இருக்கிறார் என்றான். வசுமதியின் அக்கா ருக்மணி, எழுபத்தாறு வயது, படுக்கைதான், நடக்க முடியாது. மார்ச் மாதம் வசுமதி அத்தைக்கு லேசாக ஒரு பக்கம் இழுத்ததிலிருந்து இவன்தான் அங்கேயே தங்கி இருவரையும் பார்த்துக்கொண்டானாம். இப்போது ஒருவரை. வேலைக்காரி வேண்டாம் என்று நிறுத்திவிட்டான், திருடுகிறார்களாம்.

தலை வாரிவிட, நகம் வெட்ட வேண்டுமென்றால் நான் வந்து செய்கிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"வேண்டாமுங்க. பெரியத்தை யாரையும் பக்கத்துல விட மாட்டாங்க. தொட்டாலே கத்துவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். எழுந்து, மாடிப்படியை நிமிர்ந்து பார்த்து, பூனை மேலே இருக்கிறதா என்று கேட்டான். தூங்குகிறது என்றேன்.

அவன் போனபிறகு பஞ்சுவைக் காணவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். சமையலறையில் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு கை நுழையாத இடத்தில், சுருண்டிருந்தது. இருந்த இடத்திலேயே ஈரம்.

ஆப்பிள் பையைத் திறக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

விடுமுறை. பார்லரின் கண்ணாடிகளைத் துடைத்தேன். சீப்புகளை வெந்நீரில் ஊறவைத்தேன். நாற்காலியின் கிழிந்த உறையைத் தைத்தேன்.

எனக்கு இதில் வேலை இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்யாணம் இல்லை, கூட்டமும் இல்லை. புருவம் திருத்த நான்கு பேர் வந்தார்கள்.

அண்ணன் சிவானந்தம் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தார். வரும் வியாழன் ஆடி அமாவாசை, அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆழியாற்றுக்குப் போகிறாராம், நீயும் வா என்றார். பார்லரை மூட முடியாது என்றேன். கூட்டமே இல்லை என்று ஒரு நிமிடம் முன்புதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நாங்கள் இருவரும் அப்படித்தான், எதையும் சுட்டிக்காட்டுவதில்லை.

பஞ்சு: இரண்டு வேளை தீனி, ஒரு வேளை வேகவைத்த மீன். தண்ணீர் முதல்முறையாகக் கிண்ணத்தில்.

ஜூலை 19, சனி

ஷெரின் படங்களை எடுத்துவிட்டாள். அவன் இரண்டு தடவை காப்பகத்துக்கே போயிருக்கிறான். குரலை உயர்த்தவில்லையாம். இவ்வளவு பெரிய தோப்பில் ராத்திரி யார் காவல் என்று மட்டும் விசாரித்தானாம்.

நான் சொல்லியிருந்த அந்தப் பெரியத்தையை யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். நான் காது கேட்காதவள் மாதிரி பஞ்சுவின் எடையைப் பற்றிப் பேசினேன். அவள் இரண்டாவது முறை சொல்லவில்லை. காப்பகத்தில் நாற்பது உயிர்கள் அவளை நம்பி இருக்கின்றன. எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றுமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காந்திபுரத்தில் புருவநூல் வாங்க வேண்டியிருந்தது. பேருந்து தடாகம் சாலை வழியாகப் போகாது. ஆனால் நான் அந்த வழிப் பேருந்தில் ஏறியிருந்தேன்.

ஒப்படைப்புத் தாளில் இருந்த முகவரியில் இறங்கினேன். பழைய வீடு. மாடி உண்டு. முன்னால் ஒரு காலத்தில் நல்ல தோட்டமாக இருந்திருக்க வேண்டும். தொட்டிகளில் எல்லாம் குச்சிகள். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். வாசல் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது.

வெளியே போயிருப்பார்கள். பெரியத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கலாம்.

நூல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 23, புதன்

பஞ்சுவுக்குச் சீவினேன். இடது காதின் பின்னால் ஒரு சின்ன முடிச்சு, மொச்சைக்கொட்டை அளவுக்கு. இரண்டு நாள் விட்டதற்கே. விரலால் பிரித்து எடுக்க இருபது நிமிடம் ஆனது. பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

பெரியத்தை நடக்க முடியாதவர் என்றுதானே அவன் சொன்னான். வெளியே பூட்டு எதற்கு.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மழை வரும்போல இருந்து வரவில்லை. காலையிலிருந்து ஒருவரும் பார்லருக்கு வரவில்லை. அண்ணன் இந்நேரம் ஆற்றிலிருந்து வீடு திரும்பியிருப்பார்.

இது பூனை நோட்டு. ஷெரின் படிப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன், பிறகு கிழித்துவிடலாம்.

அம்மா இறந்தது மூன்று வருடம் முன்பு, மாசியில். போன் வந்தபோது காலை பத்து மணி, நான் பொள்ளாச்சி போய்ச் சேரும்போது மதியம். குளிப்பாட்டப் பெண்கள் சேர்ந்தார்கள். தலையை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம், பத்து நிமிடம் எல்லோரும் வெளியே இருங்கள் என்றேன். அண்ணிதான் கடைசியாகப் போனாள். கதவருகே நின்று ஏதோ சொல்ல வந்தாள். சொல்லவில்லை.

தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தேன். அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. அது பின்தலையில் ஒரே கட்டியாக, வறட்டிபோல இறுகிக் கிடந்தது. சீப்பின் ஒரு பல்கூட இறங்கவில்லை. கழுத்தோரம் தோல் புண்ணாகியிருந்தது.

என் பையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும். கட்டியை அடியோடு வெட்டி எடுத்தேன். செய்தித்தாளில் சுற்றி, கொல்லைப்புறக் குப்பைத் தொட்டியில், இலைகளுக்கு அடியில் வைத்தேன். முன்முடியைப் பின்னால் வாரி, மீதியை மறைக்கும்படி மல்லிகைச் சரத்தைச் சுற்றினேன். எல்லாம் பத்தே நிமிடம். மணப்பெண்களுக்குக்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

தூங்குகிற மாதிரியே இருக்கிறார் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் என்னைக் கேட்டிருப்பார். நாலு மாதம் நீ எங்கே போயிருந்தாய் என்று. ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. பார்லரைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்குத் தடாகம் சாலை வீட்டின் முன் நின்றேன். அதே பூட்டு.

பக்கவாட்டுச் சந்து வழியாகப் போனேன். கீழ்த்தள அறையின் ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. முதலில் நாற்றம் வந்தது. அப்புறம் கண் பழகியது. கட்டிலில் ஒரு அம்மா, போர்வைக்குள் ஒரு பிள்ளையளவு உடம்பு. வெள்ளை முடி ஒரு பக்கமாகத் தலையணையோடு தலையணையாக ஒட்டியிருந்தது.

"வசுவா?" என்றார்.

இல்லைங்க, நான் பார்லர்காரி, முடி வெட்ட வந்திருக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

"தண்ணி வெச்சிருக்கியா கண்ணு?"

பையில் பாட்டில் இருந்தது. கம்பிக்குள் கையை விட்டு நீட்டினேன். அவர் கை எட்டவில்லை. உருட்டிவிட்டேன். கட்டிலின் காலில் இடித்து அடியில் போய்விட்டது. அவர் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். போய்விட்டதா என்று கேட்டார்.

அழுகை வந்தது. அதற்கு நேரமில்லை. முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன், பிறகு ஷெரினுக்கு. துப்பட்டாவைக் குழாயில் நனைத்துச் சுருட்டி, சந்தில் கிடந்த ஒட்டடைக் குச்சியின் நுனியில் கட்டி, கம்பி வழியாக அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். சப்பினார். திரும்ப நனைத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்து ஷெரின் வந்தபோது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சமூகநலத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். ரகுநந்தனைப் போனில் கூப்பிட்டார்கள். அலுவலகத்திலிருந்து அரை மணியில் வந்தான். பதற்றமே இல்லை. சாவியை எடுத்துத் திறந்தான். நெருப்பு, திருடன், எத்தனையோ இருக்கிறது, பாதுகாப்புக்காகத்தான் பூட்டிவிட்டுப் போகிறேன் என்று அதிகாரியிடம் விளக்கினான். உள்ளே மேசைமேல் ஒரு தட்டில் காய்ந்த இட்லி இரண்டு, கட்டிலிலிருந்து நான்கு அடி தூரத்தில்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஷெரினும் ஒரு போலீஸ்காரரும் மாடியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஷெரின் என்னைக் கூப்பிட்டாள். நானும் ஏறினேன். வசுமதி அம்மா இருந்த அறை. கட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஓரத்தில் குளியலறை. வெளித் தாழ்ப்பாள் புதிது. கதவின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, பெயின்ட் போய், பலகை போய், நார் நாராக இருந்தது. அதில் இரண்டு இடத்தில் கருப்பாகக் காய்ந்திருந்தது.

அதற்கு மேலும் ஒரு கீறல் வரிசை இருந்தது. படுத்துக்கொண்டே ஒரு மனிதக் கை எட்டக்கூடிய உயரத்தில். போலீஸ்காரர் அதைப் போனில் படமெடுத்தார். 

நான் வெளியே வரும்போது ரகுநந்தன் வாசலில் நின்றிருந்தான். கும்பிட்டான்.

"பார்லர் அக்காதானுங்க? மாடில தனியா இருக்கீங்க. படி ஏறி எறங்கறப்ப பாத்துக்கோங்க."

ஜூலை 26, சனி

பஞ்சு சாப்பிட்டது. நான் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

அரசு மருத்துவமனைக்குப் போனேன். ருக்மணி அம்மாவுக்கு முதுகில் படுக்கைப்புண். சிறுநீரகம் பாதித்திருந்து இப்போது தேறிவருகிறது. பிழைத்துவிடுவார் என்கிறார்கள். செவிலியர் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நல்லது செய்தார்கள்.

அவர் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். மார்ச்சில் வசுமதிக்கு வலது கை விழுந்துவிட்டது. தம்பி மகன் உதவிக்கு வந்தான். முதல் பத்து நாள் நன்றாகப் பார்த்தான். பிறகு வீட்டை அவன் பேருக்கு எழுதித்தரச் சொன்னான். வசுமதி மாட்டேன் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று மாடியில் விட்டுத் தாழிட்டான். பூனையும் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரு வேளை சாப்பாடு. தண்ணீர் மறந்துபோகும். கீழே படுத்திருந்த இவருக்கு மேலே பிராண்டுகிற சத்தம் கேட்கும். கத்தினால், பெரியத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தான்.

"வசு போன அன்னிக்குப் பூனை பிராண்டல. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

பூனை என்னிடம்தான் இருக்கிறது என்றேன். முகம் மாறியது. "தும்பையா? தும்பை உசுரோட இருக்குதா?"

வீட்டுக்கு வந்து, படியிலிருந்தே தும்பை என்று கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, மூன்றரை வாரத்தில் முதல்முறையாக, வாய் திறந்து பதில் சொன்னது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆய்வாளர் வரச்சொல்லி வாக்குமூலம் வாங்கினார். ருக்மணி அம்மாவை அடைத்துவைத்ததற்கு வழக்கு பதிவாகியிருக்கிறது. வசுமதி அம்மாவின் விஷயம் கடினம் என்றார். எரித்தாகிவிட்டது. இயற்கை மரணம் என்று சான்றிதழும் இருக்கிறது. மிச்சமிருப்பது மாடிக் கதவு, ஷெரின் எடுத்த படங்கள், டாக்டர் இளமாறனின் குறிப்பு. அந்தச் சடையை வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

ரகுநந்தன் ஜாமீனில் இருக்கிறான். மாலை எதிர் பேக்கரியில் நின்று டீ குடித்தான். பார்லரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

ஆய்வாளருக்குச் சொல்லிவிட்டேன். ஷட்டருக்கு இரண்டாவது பூட்டு வாங்கினேன். கடைக்காரர் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்டபோது, உள்பக்கம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

மருத்துவமனை. ஷெரின் போனில் தும்பையைக் காட்டினோம். ருக்மணி அம்மா திரையைத் தடவிப் பார்த்தார். வசுமதி அம்மாவின் பழைய மாணவி ஒருத்தி அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகக் கேட்டிருக்கிறாள். அன்றைக்குப் படத்தின் கீழே எழுதியவளேதான்.

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பூனையின் முடியைப் பார்த்துச் சந்தேகம் வந்தது, அப்புறம் உங்கள் தம்பி மகனே வந்து உங்களைப் பற்றிச் சொன்னான் என்றேன்.

"அவன் எப்ப வந்தான்?"

"பதினாலாம் தேதிங்க."

விரல்களை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்து, கோபமே இல்லாமல், வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"பதினோரு நாளு. அத்தன நாளு என்ன கண்ணு பண்ணிட்டு இருந்தே?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். அத்தனை நாளும் செய்தது இவ்வளவுதான். கண்ணாடி துடைத்தேன், நாற்காலி உறை தைத்தேன், நூல் வாங்கினேன். எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது.

அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். மீதிக் கஞ்சியை ஊட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஷெரினின் ஒரு மாதக் கணக்குப்படி இன்னும் இரண்டு நாள் எழுத வேண்டும். எதையும் கிழிக்கப்போவதில்லை.

மத்தியானம் அண்ணனுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அம்மா தலைல சடை புடிச்சிருந்துச்சு. நாந்தான் வெட்டி எடுத்து மறைச்சேன்."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வெளியே போனது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. டிவி கேட்காத தூரம் போனபிறகுதான் பேசினார்.

"தெரியும் அம்மிணி. தொட்டில காயிதம் பிரிஞ்சு கெடந்துச்சு. நாய் இழுத்துரும்னு எடுத்துக் கொல்லைல பொதைச்சேன். நீ கேப்பே கேப்பேன்னு மூணு வருசமா உன் போன பயந்துட்டேதான் எடுக்கறேன்."

"இப்பக் கேக்கறேன். எத்தன நாளா சீவல?"

"தீவாளிக்கு வந்து நீ பின்னி உட்டுட்டுப் போனியே, அதுதான் கடைசி. அப்புறம் உங்க அண்ணிய, என்னைய, ஆரையும் கிட்ட உடல. தமயந்தி வந்து அவுப்பா, அவ வரட்டும்னே சொல்லிட்டு இருந்துச்சு. உன்னக் கூப்புட்டுச் சொல்லியிருக்கோணும். நீ வேலைல இருப்பேன்னு உட்டுட்டேன்."

 இருவரும் போனை வைக்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன், கொல்லையில் எந்த இடம் என்று. கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில் என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அண்ணன் சொல்வது உண்மையாக இருக்கலாம். அம்மா பிடிவாதக்காரிதான். நான் தீபாவளிக்குப் பின்னிய பின்னல் அவிழாமல் அப்படியே இறுகிக் கட்டியாகியிருந்தால், அம்மா எனக்காகத்தான் காத்திருந்தார். பின்னல் அவிழ்ந்து, வாராமல் போட்டுச் சிக்கானது என்றால், அது வேறு கதை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அன்று கையில் வைத்திருந்தேன், பார்க்காமல் சுற்றினேன்.

தும்பையைப் பார்த்துக்கொள்ள ஷெரினிடம் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சி போகிறேன். மண்ணில் முடி சீக்கிரம் மக்குவதில்லை. மூன்று வருடம் அதற்கு ஒன்றுமில்லை.